மூத்தவர் வந்தால் இளையவர் இடம் போச்சா?

டீமுக்கு வயசான ஆளை எடுத்தா சின்னப் பையனோட வாய்ப்பு போச்சுன்னு உடனே கத்துறோம். எனக்கு அப்படித் தோணலை. அமெரிக்க பேஸ்பாலில் நடந்ததைக் கேளுங்க.

2015 டிசம்பரில் சிகாகோ கப்ஸ் அணி பென் ஸோப்ரிஸ்டை எடுத்தது. வயது 34. நாலு வருஷத்துக்கு 5 கோடியே 60 லட்சம் டாலர்! இரண்டாம் பேஸில் ஆடத்தான் அவரை எடுத்தாங்க. 23 வயது ஹாவியர் பாயெஸும் ஆடக்கூடிய இடம் அது. ரசிகர்களுக்குள் வாக்குவாதம் வராமல் இருக்குமா? பாயெஸும் லேசுப்பட்டவர் இல்லை, கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசுவார். 2014-ல் 52 ஆட்டத்தில் 95 தடவை ஸ்ட்ரைக் அவுட்!

ஆனா ஸோப்ரிஸ்ட் எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். அதுதான் விஷயமே. 2016 பிளே ஆஃப் ஆட்டங்களில் அவர் லெஃப்ட் ஃபீல்டுக்கு நகர்ந்தார், பாயெஸ் இரண்டாம் பேஸில் நின்றார். நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது பாயெஸுக்கும் லெஸ்டருக்கும் சேர்த்துக் கிடைத்தது. உலகத் தொடரின் 7-வது ஆட்டம், 10-வது இன்னிங்ஸ், ஸ்கோர் 6-6. ஸோப்ரிஸ்ட் அடித்த அடியில்தான் கப்ஸ் முந்தியது. 1908-க்கு அப்புறம் முதல் கோப்பை! தொடரின் சிறந்த வீரரும் அவரே.

ஒண்ணை மறைக்கக் கூடாது. ஸோப்ரிஸ்டை எடுத்த சமயத்திலேயே, இரண்டாம் பேஸில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டார்லின் காஸ்ட்ரோவை யாங்கீஸ் அணிக்கு அனுப்பிட்டாங்க. அவருக்கும் வயது 25தான். பாயெஸுக்காகச் சண்டை போட்டவங்களில் எத்தனை பேர் அவரை நினைச்சாங்களோ!

— 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு