நிமிர்ந்து உட்காரச் சொல்லாதீர்கள்

கழுத்து வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் நம் ஊரில் ஒரே பதில்தான். "ஒழுங்கா நிமிர்ந்து உக்காரு, எல்லாம் சரியாயிடும்." அம்மா சொல்வார், மேனேஜர் சொல்வார், யூடியூபில் யோகா சொல்லித்தரும் தம்பி சொல்வார். வருடத்துக்கு ஒருமுறை மனிதவளத் துறையிலிருந்து வரும் மின்னஞ்சலும் அதையே சொல்லும். இந்த அறிவுரை பயனற்றது. அதைவிட மோசம், இது ஒரு கைகழுவல். கருவியின் குறையையும் வேலை வாங்கும் முறையின் குறையையும் உங்கள் முதுகின் மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துகொள்வதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைப்பவள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் வேலை முழுவதும் ஒரு மடிக்கணினிக்குள் நடக்கிறது. மடிக்கணினியை வைத்துப் பிழைக்கும் தோழிகள் எனக்கு நிறைய. அவர்களில் கழுத்து, தோள், மணிக்கட்டு மூன்றும் சரியாக இருப்பவர் ஒருவரும் இல்லை. இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உட்காரத் தெரியாமல் போய்விட்டதா என்ன?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மடிக்கணினியை மேசைமேல் வைத்து, எல்லோரும் சொல்கிற மாதிரி நிமிர்ந்து உட்காருங்கள். தோள் தளர்வாக இருக்கட்டும். முழங்கை உடம்பை ஒட்டி, ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்கட்டும். கைக்கு இப்போது வசதிதான். திரை எங்கே இருக்கிறது? உங்கள் நெஞ்சுக்கு எதிரே. அதைப் படிக்கவேண்டுமானால் தலையைக் கவிழ்த்தே ஆகவேண்டும். சரி, கழுத்துக்காகக் கணினியை நாலு தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள். திரை கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. கை? தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, அந்தரத்தில் தட்டச்சு செய்கிறீர்கள். கழுத்து பிழைத்தால் கை போகும், கை பிழைத்தால் கழுத்து போகும். திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்வரை இரண்டும் சேர்ந்து பிழைக்க வழியே இல்லை. இது ஒழுக்கப் பிரச்சினை கிடையாது, வடிவியல்.

தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. முதுகெலும்புக்கு நேர்மேலே இருக்கும்வரை அது பாரமாகத் தெரியாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஒரு தெரு நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடக்க முடியுமா? தலையை முன்னால் சாய்க்கும்போது பின்கழுத்துத் தசைகள் செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான். அதுவும் இடைவிடாமல். இறுகியபடியே இருக்கும் தசைக்குள் ரத்தம் சரியாகப் பாயாது. ஓடுகிற காலைவிட அசையாமல் நிற்கிற கால் சீக்கிரம் கடுப்பதும் இதனால்தான். ஆக, நிமிர்ந்தே உட்கார்ந்தாலும், நாலு மணி நேரம் அதே நிலையில் இருந்தால் அதுவும் வலிக்கும். உடம்பு கேட்பது "சரியான நிலை" என்ற ஒன்றை அல்ல. அடுத்த நிலையை.

இது தெரியாமல் நடந்துவிட்ட விபத்தும் அல்ல. திரையை மடித்து விசைப்பலகையின்மேல் மூடும் வடிவம் 1982இல் கிரிட் காம்பஸ் என்ற கணினியோடு வந்தது. வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ். விலை 8,000 டாலருக்கு மேல். பெட்டியில் போட்டு எடுத்துப்போய், போன இடத்தில் திறந்து, வேலை முடிந்ததும் மூடுவதற்கான பொருள் அது. வாழ்நாள் முழுக்க ஒருவர் இதன் முன்னால் குனிந்து கிடக்கட்டும் என்று அதை யாரும் செய்யவில்லை. எட்டு வருடம் கழித்து, 1990இல், ஐரோப்பிய சமூகம் திரைமுன் வேலை செய்பவர்களுக்காக ஒரு நெறியாணை போட்டது. விசைப்பலகை திரையிலிருந்து தனியாக இருக்கவேண்டும் என்று அதன் பின்னிணைப்பு சொல்கிறது. திரைமுன் வேலை அவ்வப்போது இடைவேளையாலோ வேறு வேலையாலோ முறிக்கப்படவேண்டும் என்றும் சொல்கிறது. கையடக்கக் கணினிகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் ஒரே இடத்தில் நீண்டநேரம் பயன்படுத்தாதவரை மட்டும்தான் அந்த விலக்கு. அதாவது, ஒட்டிய விசைப்பலகை நாள்முழுவதும் வேலை செய்ய லாயக்கில்லை என்று 1990லேயே காகிதத்தில் எழுதிவைத்தாகிவிட்டது. நாம் எட்டு மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

தமிழில் இதற்கு வைத்த பெயரையே பாருங்கள். மடிக்கணினி. மடியில் வைக்கலாம், மடித்தும் வைக்கலாம். மடி என்றால் சோம்பல் என்றும் பொருள், மடிந்துபோ என்றும் பொருள். வலிக்கிறது என்று சொன்னால் நம் ஆட்கள் எடுத்துக்கொள்வது அந்த மூன்றாவது பொருளைத்தான். "உனக்கு எக்சர்சைஸ் பண்ணச் சோம்பேறித்தனம்."

எழுதிப் பிழைப்பவர்களுக்கு வலிக்கும் என்பது புதுச்செய்தியும் இல்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய தன் நூலை 1700இல் வெளியிட்டார். 1713இல் விரிவாக்கிய பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார். அவர்கள் நோய்க்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அசைப்பது, பிழை வந்துவிடக்கூடாதே என்று மனத்தை இறுக்கிப்பிடித்திருப்பது. மூன்றுமே வேலையின் தன்மைகள். நோயாளியிடம் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்றும் கேட்கவேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். முந்நூறு வருடம் கழித்து, எனக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே அந்தக் கேள்வி வரவில்லை. "வெயிட் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

தந்தி அலுவலகங்களில் மோர்ஸ் கட்டையைத் தட்டியவர்களின் கை வலித்து இழுத்துக்கொண்டபோது, பிரிட்டன் அதை 1908இலேயே நஷ்டஈடு பெறத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில்? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன. ஈய நச்சு, சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் காதுகேளாமை என்று நீண்டது. எல்லாமே இருக்கவேண்டியவைதான். ஆனால் கழுத்தோ முதுகோ மணிக்கட்டோ அந்தப் பட்டியலில் எங்கும் இருக்கவில்லை. குனிந்தும் திரும்பத் திரும்ப அசைத்தும் வேலை செய்வதால் தேய்கிற உடம்பு அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு குரல் வரும். எனக்கு முன்பே கேட்டுவிட்டது. "ஏசி ரூம்ல உக்காந்து டைப் அடிக்கிறவங்களுக்கு என்னம்மா வலி? நாத்து நடுறவங்களப் பாரு, பீடி சுத்துறவங்களப் பாரு." பார்க்கிறேன். நாற்று நடுபவரின் இடுப்பும், பீடி சுற்றுபவரின் விரலும், என் கழுத்தும் ஒரே காரணத்தால்தான் போகின்றன. ஒரே நிலை, ஒரே அசைவு, எண்ணிக்கைக்குக் கூலி, எழுந்தால் காசு போகும். அவர்கள் வலி என் வலியைவிடப் பெரிது, சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களைக் காட்டி என் வாயை அடைப்பவர்கள் அவர்களுக்காகவும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை என்பதையும் பார்த்துவைத்திருக்கிறேன்.

வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள்முழுக்க நின்றே வேலை செய்த பெண்களின் கால்வலி பல வருடங்களாக "பழகிடும்" என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோனது. கேரளத்தில் கடைப்பெண்கள் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று எழுதியது. "ஒழுங்காக நில், கால் வலிக்காது" என்று அந்தப் பெண்களுக்கு யாராவது வகுப்பெடுத்திருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்கும். நமக்கு எடுக்கப்படும் வகுப்பை மட்டும் ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? அவர்கள் உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். நாம் கேட்கவேண்டியது எழுந்திருக்கும் உரிமை.

ஊரடங்குக் காலத்தில் இது இன்னும் வெட்டவெளிச்சமானது. அலுவலகத்தில் மேசை, நாற்காலி, தனித்திரை என்று கொஞ்சமாவது இருந்தது. அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு மடிக்கணினியை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருக்கும் ஒரே மேசை யாருக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அண்ணனுக்கோ கணவனுக்கோ மேசை. பெண்ணுக்குக் கட்டில், தலையணை, சமையல் மேடையின் ஓரம். அந்த நாட்களில், எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் "வலியில்லா வாழ்வு" என்று ஓர் இணையவழி வகுப்பு நடத்தியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில். நாற்பது பேர் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, குனியக்கூடாது என்பதை ஒரு மணி நேரம் கேட்டோம். விசைப்பலகை ஒன்று வாங்கித் தருவீர்களா என்று உரையாடல் பெட்டியில் ஒரு பெண் கேட்டார். அதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

சரி, அதுவரைக்கும் என்னதான் பண்றது? உரிமை கிடைக்கும்வரை கழுத்து காத்திருக்காது. செய்யவேண்டியது கொஞ்சம்தான்.

முதலில் இரண்டையும் பிரியுங்கள். சாதாரண விசைப்பலகையும் மவுஸும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கணினியைப் புத்தகங்கள்மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திரை கைநீள தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் படித்துமுடிக்காத தடித்த நாவல்கள் இதற்கு நன்றாகவே உதவும். இருபதாயிரம் ரூபாய் நாற்காலி விளம்பரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். எந்த நாற்காலியும் திரையை உயர்த்தாது. பாதம் தரையில் படவில்லையா, ஒரு மணைப்பலகையைப் போடுங்கள். மணிக்கட்டு மேலேயும் மடங்காமல் கீழேயும் மடங்காமல் நேராக இருக்கட்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் முடித்த அக்காவிடம் கேட்டால் மணிக்கட்டை எப்படி வைப்பது என்று காட்டித்தருவார்.

இரண்டாவது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தண்ணீர் குடிக்க, மொட்டைமாடிக்குப் போக, சும்மா நிற்க. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி எதையாவது இருபது நொடி பாருங்கள். கண்ணும் தசையால்தான் இயங்குகிறது.

மூன்றாவது, வலியும் மரத்துப்போவதும் வேறுவேறு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்து எழுப்பிவிட்டால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்கவேண்டும். கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம்போல வலி இறங்கினாலோ, கையிலிருந்து டம்ளர் நழுவினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழில் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் இந்த மூன்றோடு நின்றுவிட்டால் நானும் அந்த மின்னஞ்சலைத்தான் அனுப்பியிருப்பேன். அரைமணிக்கு ஒருமுறை எழுந்திரு என்பது எளிது. மவுஸ் அசையாவிட்டால் "வேலையில் இல்லை" என்று காட்டும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் எழுந்திருப்பது? பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நான் எழுந்தால் யார் காசு தருவது?

ஆகவே அடுத்தமுறை வேலைக்கான ஒப்பந்தம் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். நீங்கள் தரும் கணினியோடு விசைப்பலகையும் தாங்கியும் வருமா? நான் எழுந்து நடக்கும் ஐந்து நிமிடம் வேலைநேரத்தில் சேருமா? "முதல்ல நிமிர்ந்து உக்காரும்மா" என்று பதில் வந்தால், எழுந்து நின்று அதே கேள்வியை இன்னொருமுறை கேளுங்கள்.