பிள்ளையின் பிறந்த திகதியை ஒரு நாள் பின்னே தள்ளும் இணையப் படிவங்கள்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோர்களுக்கும், பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கும் நமது இளைஞர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 1 அனுமதிக்கு ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பிள்ளைக்கு அடுத்த வருடம்தான். இந்த ஒரு நாளுக்காக அலைந்த தாய்மாரை ஆசிரியர்களான நாம் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அண்மையில் ஒரு பாடசாலையின் (பெயர் வேண்டாம்) இணையப் படிவத்தில் பெப்ரவரி 1 என்று நிரப்பிய திகதி, அச்செடுத்த தாளில் ஜனவரி 31 என்று வந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட்டவர் அந்த உம்மாவிடம் முதலில் கேட்டது, "திகதிய ஏன் மாத்தினீங்க?" என்றுதான்.

அவர் எதையும் மாற்றவில்லை. மாற்றியது நிரல்.

நடப்பது இதுதான். தரவுத்தளத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் நிரல், அதை வெறும் திகதியாக வைத்துக்கொள்ளாமல் "அன்று நள்ளிரவு 12 மணி" என்ற நேரமாக ஆக்கிவிடுகிறது. பிறகு அந்த நேரத்தை கிறீன்விச் நேரத்துக்கு மாற்றி அனுப்புகிறது. நாம் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருக்கிறோம். ஆகவே இங்கு பெப்ரவரி 1 நள்ளிரவு 12 மணி என்பது அங்கு ஜனவரி 31 மாலை 6.30. வாங்கும் பக்கம் மணியை வெட்டிவிட்டு திகதியை மட்டும் அச்சிட்டால், பிள்ளைக்கு ஒரு நாள் வயது கூடிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு இது பழகிய தலைவலி. தரவுத்தளத்தில் 'டேட்' வகையில் ஒழுங்காகச் சேமித்திருந்தாலும், எடுத்துத் தரும் இடைநிரல் அதை நேரமாக்கிவிடலாம். பிறந்த திகதியை 2021-02-01 என்ற எழுத்தாகவே எடுத்து, எழுத்தாகவே காட்டுங்கள். அதற்கு மணியும் இல்லை, நேர வலயமும் இல்லை.

நன்கொடைக் கணக்கு வேறு விடயம். அங்கே நேரம் தேவை, கிறீன்விச் நேரத்தில் சேமிப்பதும் சரிதான். ஆனால் நாள்வாரியாகக் கூட்டும்போது கொழும்பு நேரத்துக்கு மாற்றிவிட்டே கூட்ட வேண்டும். கொழும்பில் சுபஹுடைய பாங்கு ஆண்டு முழுவதும் ஐந்தரைக்கு முன்னரே சொல்லப்படுகிறது. ஸஹருக்கு எழும்பியவர் அனுப்பிய பணம் முந்திய நாள் கணக்கில் விழுந்தால், ரசீதும் அறிக்கையும் பொருந்தாது. பிறகு பொருளாளர் மீது பேச்சு வரும்.

"அப்படியென்றால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிட்டால் போதும்தானே?" என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். போதாது. 1996 இல் மின்சார நெருக்கடி வந்தபோது, மே 25 ஆம் திகதி நள்ளிரவில் நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் குறைத்து ஆறு மணித்தியால வித்தியாசமாக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது என்பதும் சரித்திரம்.

அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்கள்தான் இன்று வேலைக்கும் திருமணத்துக்கும் படிவம் நிரப்புகிறார்கள். 2001 இல் நள்ளிரவு 12.10 க்குப் பிறந்த ஒருவரின் நேரம் கிறீன்விச்சில் சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தும், வாசிக்கும்போது ஐந்தரை மட்டும் கூட்டினால் முந்திய நாள் இரவு 11.40 என்று வரும். சாதகம் பார்க்கும் நமது இந்து அயலவர்களிடம் அந்த அரை மணித்தியாலம் என்ன பாடுபடுத்தும் என்று கேட்டுப் பாருங்கள். கணினியில் 'ஏசியா/கொழும்பு' என்ற வலயப் பெயரில் இந்த மாற்றங்கள் எல்லாம் ஏற்கனவே பதிந்திருக்கின்றன. எண்ணைக் கையால் எழுதாமல் அந்தப் பெயரைக் கொடுங்கள்.

அடையாள அட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு 500 கூட்டப்படும். ஆனால் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்றே அங்கே கணக்கு. அதனால் மார்ச் 1 எப்போதும் 061. இதைத் தெரியாமல் சாதாரண நாட்காட்டிப்படி கணக்குப் போடும் தளம், லீப் அல்லாத ஆண்டில் அவரை மார்ச் 2 இல் பிறக்க வைத்துவிடும்.

இத்தனைக்கும் மேல் நமக்குக் கோபம் வருவது, கருமபீடத்தில் "கணினியில் இப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிக் கையை விரிக்கும்போதுதான். கணினியும் அத்தாட்சிப் பத்திரமும் முரண்பட்டால் பத்திரத்தை நம்புங்கள், பெற்றோரைச் சந்தேகிக்காதீர்கள். அதிபர்மாரிடமும் நிர்வாக சபைகளிடமும் இதை வாய்விட்டே கேட்கிறோம்.

பெற்றோர்களே, படிவத்தை அனுப்பிய கையோடு அச்செடுத்துத் திகதியைப் பாருங்கள். தளம் செய்யும் தம்பி, தங்கைமார் ஒப்படைக்க முன் மூன்று பிறந்த திகதிகளைப் போட்டுப் பாருங்கள்: 2021-02-01, 2006-04-15, 1996-05-25. கடைசித் திகதியில் கொழும்பில் நள்ளிரவு 12 மணி என்ற ஒன்றே இருக்கவில்லை, மணிக்கூடு நேரே 1 மணிக்குப் போய்விட்டது. உங்கள் தளம் அங்கே என்ன காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள்.