வெனிஸ் நகரத்தின் வாயிற் கட்டணம்

இத்தாலி தேசத்து வெனிஸ் நகரசபையார், காலையில் வந்து மாலையில் திரும்பும் உல்லாசப் பிரயாணிகளிடம் 2024-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி முதல், குறிப்பிட்ட சில தினங்களில் 5 யூரோ கட்டணம் வசூலிக்கத் தொடங்கினர். ஒரு நகரம் தன் வாயிலில் சீட்டு விற்பது விநோதந்தான். அதற்கு நேர்ந்த காரணமோ பரிதாபகரமானது. 1951-ல் சுமார் 1,75,000 ஜனங்கள் வாழ்ந்த அப்புராதன தீவு நகரில், 2022-ல் 50,000 பேர்கூட எஞ்சவில்லை. வீடுகள் பிரயாணிகளின் விடுதிகளாக மாறின, வாடகை ஏறிற்று, உழைத்துப் பிழைப்போர் அக்கரைக்குக் குடிபெயர்ந்தனர்.

பிரயாணிகளால் கிடைக்கும் வருமானத்தை நாம் இகழவில்லை. அதனை நம்பி ஜீவிப்போர் அநேகர். ஆனால் கட்டணம் கூட்டத்தை எண்ணிக் கணக்கிடுமேயன்றி, வெளியேறிய குடிகளை மீட்டுக் கொணராது. ஸ்பெயின் தேசத்து பார்ஸலோனா நகரசபையார் நோயின் மூலத்தை அறிந்தனர். பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் சுமார் 10,000 வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குள் நிறுத்திவிடப்போவதாக 2024-ல் அறிவித்தனர். வீட்டுச் சொந்தக்காரர்கள் நஷ்டமென்று கூக்குரலிடுவது இயல்பே. எனினும் அதுவே தக்க மார்க்கமென்பது நமது அபிப்பிராயம்.

விருந்தினரை உபசரித்தல் உத்தம தர்மம். உபசரிப்பதற்கு வீட்டில் வீட்டார் இருக்க வேண்டாமா? குடிகளை இழந்த நகரம் வெறும் பொருட்காட்சிச் சாலையாகவே முடியும்.