ரெண்டு டிகிரிதானே என்கிறவர்களுக்கு

எங்கள் வயதுக்காரர்கள் வீடுகளில் இப்போது ஒரு வேலை மும்முரமாக நடக்கிறது. பரணில் கிடந்த தகரப்பெட்டி கீழே இறங்குகிறது. கல்யாண ஆல்பம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, அப்பாவின் நியமன உத்தரவு, கிரயப் பத்திரம், ஜாதகம் எல்லாம் ஸ்கேனருக்குள் போகின்றன. லீவுக்கு வந்த பேரன் பேத்திகள் இரண்டு நாளில் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல காரியம். பூச்சி அரிப்பதற்கு முன் செய்யவேண்டிய காரியம்.

ஆனால் அதைச் செய்கிற விதத்தில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இன்றைக்கு அதைப் போட்டே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படம் கோணலாக ஸ்கேன் ஆகிறது. உடனே மவுஸால் மூலையைப் பிடித்து இழுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "நேராயிடுச்சு தாத்தா" என்று சொல்லி, பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிடுகிறார்கள். சரியாக வரவில்லையே என்றால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "ரெண்டு டிகிரிதானே, யார் பார்க்கப் போறா?" இந்தக் கேள்வியைப் பேரன்கள் மட்டும் கேட்கவில்லை. என் வயது நண்பர்களும் கேட்கிறார்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் ஆர்ட் ஒர்க் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். டி ஸ்கொயர், செட் ஸ்கொயர், லைட் டேபிள், ரப்பர் சொல்யூஷன் காலத்திலிருந்து கோரல்டிரா, போட்டோஷாப் காலம் வரை பார்த்தாயிற்று. எங்கள் தொழிலில் கோணம் என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. அது ஒரு எண். நாலு கலர் அச்சில் படம் சின்னச்சின்னப் புள்ளிகளாக விழும். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். வழக்கமாக சயான் 15 டிகிரி, கறுப்பு 45, மெஜந்தா 75, மஞ்சள் 0. அழுத்தமான மூன்று நிறங்களுக்கும் நடுவில் 30 டிகிரி இடைவெளி. அது பிசகினால் முகத்தின் மேல் கட்டம் கட்டமாக, அலை அலையாக ஒரு கோலம் கிளம்பிவிடும். மொயரே என்பார்கள். "யார் பார்க்கப் போறா" என்று அங்கே யாரும் கேட்கமுடியாது. காசு கொடுத்த வாடிக்கையாளர் முதல் தாளிலேயே பார்த்துவிடுவார்.

ரெண்டு டிகிரி என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஒரு டிகிரி சாய்ந்தால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம். ரெண்டு டிகிரிக்கு ஏழு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். புத்தகத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரமே பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதாவது முதல் வரியின் தொடக்கம் இருக்கும் மட்டத்தில் அதன் கடைசி இருக்காது, வேறொரு வரிதான் இருக்கும்.

கண்ணை நான் குறை சொல்லவில்லை. சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் கண்ணுக்கு நிகரில்லை. சுவரில் மாட்டிய படம் துளி கோணினாலும் நமக்கு உறுத்தும். ஆனால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சல் அடிக்கிறது என்று கை சொல்லும், எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர்தான் சொல்லவேண்டும். இதுவும் அப்படித்தான்.

சரி, கண்ணளவில் ஒரு தடவை திருப்புகிறார்கள். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. திரும்ப இந்தப் பக்கம். இப்போது குறைந்துவிட்டது. மறுபடி அந்தப் பக்கம். இப்படி நாலைந்து தடவை ஆட்டிய பிறகு ஒருவழியாக நேராகிறது. இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் படம் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஸ்கேன் செய்த படம் என்பது கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் பூசியது போல. 90 டிகிரி திருப்பினால் கட்டங்கள் அப்படியே இடம் மாறி உட்காரும், ஒன்றும் கெடாது. ஆனால் 2 டிகிரியோ 3.7 டிகிரியோ திருப்பினால் பழைய கட்டம் எதுவும் புதிய கட்டத்தின் மேல் பொருந்தாது. பக்கத்துக் கட்டங்களின் நிறங்களைக் கலந்து சராசரி போட்டுத்தான் மென்பொருள் புதுப்படம் செய்கிறது. ஒரு தடவை செய்தால் பெரிதாகத் தெரியாது. ஐந்து தடவை செய்தால் கண் இமை, புடவைக் கரை, பின்னால் சுவரில் எழுதியிருக்கும் எழுத்து எல்லாம் மழுங்கிவிடும். 2 டிகிரி வலப்பக்கம் போய் 2 டிகிரி இடப்பக்கம் திரும்பி வந்தாலும் பழைய படம் கிடைக்காது. இதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் ஜேபெக்காகச் சேமித்தால் அந்தச் சுருக்கலில் இன்னும் கொஞ்சம் போகும்.

கோரல்டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ வரைந்த கோடும் வட்டமும் அப்படியல்ல. அவை வெறும் கணக்கு. ஆயிரம் தடவை சுற்றினாலும் தேயாது. அந்தப் பழக்கத்தில் போட்டோவையும் சுற்றுகிறார்கள். அங்கேதான் கோளாறு.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற விஷயம். படத்தைத் திருப்பினால் நாலு மூலையிலும் முக்கோணமாக வெற்றிடம் வரும். அது அசிங்கமாக இருக்கிறது என்று படத்தை உள்பக்கமாக வெட்டிவிடுகிறார்கள். பல ஆப்கள் நம்மைக் கேட்காமல் தானாகவே வெட்டுகின்றன. 6க்கு 4 அங்குலப் போட்டோவை 2 டிகிரி திருப்பி, அதே அளவுப் பொருத்தத்தில் வெற்றிடம் தெரியாமல் வெட்டினால், பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். 3 டிகிரி என்றால் ஏழில் ஒரு பங்கு.

போகிறது எது என்று யோசித்துப் பாருங்கள். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் யார்? ஆபீஸில் பியூன், பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன், கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தியிலிருந்து அவசரமாக வந்து ஒண்டிக்கொண்ட அத்தை. பலருக்கு வாழ்நாளில் அந்த ஒரு போட்டோதான் இருக்கும். அவர்கள் தோள்தான் முதலில் வெட்டுப்படுகிறது. கீழ் ஓரத்தில் ஸ்டூடியோக்காரர் முத்திரை இருக்கும். பெயரும் ஊரும் அதில்தான். வெள்ளை ஓரத்தில் யாரோ இங்கில் எழுதிய தேதி இருக்கும். நேராக்குகிறேன் பேர்வழி என்று அதையும் சேர்த்து வெட்டியாயிற்று. ஸ்கேன்தான் இருக்கிறதே என்று மூலப்படத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. பத்து வருடம் கழித்து, "இந்தப் படம் எப்போது எடுத்தது?" என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கும்?

"எல்லாம் ஆட்டோவே பார்த்துக்கும் சார்" என்பது அடுத்த வாதம். வரி வரியாக அச்சடித்த பக்கத்துக்கு ஆட்டோ நன்றாகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள வரிகள் இருக்கின்றன. போட்டோவில் எதைப் பிடிக்கும்? பல சமயம் தாளின் ஓரத்தைப் பிடிக்கிறது. அந்தக் கால போட்டோவின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும், அல்லது ஸ்டூடியோவில் கத்தரியால் கோணலாக நறுக்கியிருக்கும். தாள் நேராக நிற்கும், உள்ளே இருக்கும் தாத்தா சாய்ந்து நிற்பார். இல்லாவிட்டால் படத்தில் நீளமாக ஒரு கோடு தெரிந்தால் அதை மட்டம் என்று நினைத்துக்கொள்ளும். ஆற்றங்கரை, ஏறி இறங்கும் தெரு, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் நீளமான கோடுகள்தான். அவை மட்டமாக இருக்கவேண்டும் என்று சட்டமா? கடலின் தொடுவானம் ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு மட்டம் என்று நம்பலாம்.

அப்படியானால் என்ன செய்வது? அளக்கவேண்டும். அதற்கான கருவி இந்த மென்பொருள்களிலேயே இருக்கிறது. போட்டோஷாப்பில் ஐட்ராப்பர் கருவியை அழுத்திப் பிடித்தால் அதனடியில் ரூலர் என்று ஒன்று இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப்பில் அதற்கு மெஷர் என்று பெயர். படத்தில் நிச்சயமாகச் செங்குத்தாக இருக்கவேண்டிய ஒன்றின் மேல், தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு இழுங்கள். கோணம் எண்ணாகத் தெரியும். இரண்டிலும் ஸ்ட்ரெயிட்டன் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்த அளவுக்கு மட்டும் படம் திரும்பும், ஒரே தடவையில்.

கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியம். நூறு புள்ளி நீளக் கோட்டில் ஒரு புள்ளி தவறினால் அரை டிகிரிக்கு மேல் பிசகும். மூவாயிரம் புள்ளி நீளக் கோட்டில் அதே ஒரு புள்ளி தவறினால் 0.02 டிகிரிதான். 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் மூவாயிரத்து அறுநூறு புள்ளி கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு எதற்குக் கண்ணை இடுக்கவேண்டும்?

எதன்மேல் கோடு இழுப்பது என்பதில்தான் மனுஷ மூளை வேண்டும். படத்தின் நடுவில் இருக்கும் தூணோ கதவு நிலையோ நல்லது. ஓரத்தில் இருப்பதை நம்பவேண்டாம். கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்த கோபுரப் படத்தில் இரண்டு பக்கத்துத் தூண்களும் உள்நோக்கிச் சாயும். வலது தூணை நேராக்கினால் இடது தூண் இன்னும் சாயும். அது திருப்பிச் சரிசெய்கிற கோணல் அல்ல. பெர்ஸ்பெக்டிவ் என்று அதற்குத் தனிக்கருவி இருக்கிறது. பத்திரத்தைச் செல்போனில் சாய்வாகப் பிடித்து எடுக்கும்போது ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வருவதும் இதே வியாதிதான்.

கோரல்டிராவில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். படத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கிளிக் செய்தால் சுற்றும் அம்புகள் வரும். மூலையில் இருப்பது சுற்றும், பக்கவாட்டில் இருப்பது படத்தையே சரித்துவிடும். கை மாறிப் பிடித்தால் செவ்வகம் இணைகரமாகிவிடும். கண்ணீர் அஞ்சலி பேனரில் பெரியவர் முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே கோணத்துக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் எண்ணைத் தட்டினால் போதும். கோரலில் கூட்டல் எண் கொடுத்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், போட்டோஷாப்பில் கடிகாரம் சுற்றும் பக்கம் திரும்பும். இது தெரியாததால்தான் பலர் எண்ணை விட்டுவிட்டு மவுஸுக்கு ஓடுகிறார்கள்.

இதெல்லாம் வெறும் அழகுக்காக என்று நினைப்பவர்கள் புலப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எம்பி என்று ஆன்லைனிலேயே கிடைக்கிறது. அதைப் பதிவிறக்கி, செல்லில் தெரியும் சாட்டிலைட் படத்தின் மேல் வைத்து, கையால் சுற்றிச் சுற்றிப் பொருத்தி, "உன் வேலி என் இடத்தில் இருக்கிறது" என்று அண்ணன் தம்பிகள் சண்டைக்கு நிற்கிறார்கள். 100 மீட்டர் நீள எல்லைக்கோடு ஒரு டிகிரி பிசகினால் மறுமுனையில் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். அரை டிகிரி என்றாலும் 87 சென்டிமீட்டர். ஒரு வரப்பு முழுசாக உள்ளே வந்துவிடும். மூலையைப் பிடித்து இழுக்கையில் படம் கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம். படத்தில் எழுதியிருக்கும் மீட்டர் அளவை வைத்துச் சர்வேயர் வந்து அளக்கட்டும். மவுஸ் பிடித்த கை சொல்வதற்கெல்லாம் கோர்ட் படி ஏறாதீர்கள்.

ஆகவே, பேரன் பேத்தி ஸ்கேனரைத் திறந்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். முதலில் தாளையே கண்ணாடியில் நேராக வைக்கச் சொல்லுங்கள். திருப்பவே தேவையில்லாவிட்டால் அதுதான் உத்தமம். நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, தாளின் விளிம்பு முழுதும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். அந்த முதல் ஸ்கேனை டிஃப்பாகவோ பிஎன்ஜியாகவோ "மூலம்" என்று பெயரிட்ட தனி ஃபோல்டரில் போட்டுவிடவேண்டும். அதை யாரும் தொடக்கூடாது. திருப்புவது எல்லாம் நகலில். அளந்து, ஒரே தடவை. கோணல் பிடிக்கவில்லை என்றால் மூலத்திலிருந்து புது நகல் எடுக்கவேண்டும், திருப்பியதையே மறுபடி திருப்பக்கூடாது. மூலையில் வெற்றிடம் வந்தால் வரட்டும், வெள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக அத்தையை வெட்டவேண்டாம்.

காலை வணக்கம் பூப்படத்தை எப்படி வேண்டுமானாலும் சாய்த்துக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தகரப்பெட்டியில் இருப்பதற்கு இரண்டாவது பிரதி கிடையாது. "யார் பார்க்கப் போறா" என்று கேட்டால், உங்கள் பேரனின் பேரன் பார்ப்பான் என்று சொல்லுங்கள். அவனிடம் மூலப்படம் இருக்காது. நீங்கள் இன்று சேமித்தது மட்டும்தான் இருக்கும்.