அரக்குத் தட்டும் ஆலயப் பாட்டும்

கிறிஸ்து பிறப்பு விழா வருவதற்கு முன்பே அதன் பாடல்கள் வந்து, ஒலித்து, அலுத்தும் போய்விடுகின்றன. நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைகளில் நாம் ஏற்றிவைத்த மெழுகுதிரிகள் உருகி முடிந்த சில நாள்களிலேயே கடைத்தெருவில் விழாப்பாட்டுத் தொடங்கிவிடுகிறது. திருவருகைக் காலத்து ஊதா நிறத் திருவுடையைக் குருவானவர் அணிவதற்கு முன்னரே, நம் மக்களின் கைப்பேசிகளில் பாலன் இயேசு பிறந்து, தாலாட்டப்பெற்று, உறங்கவும் வைக்கப்பட்டுவிடுகிறார். திருச்சபையோ டிசம்பர் 25 இல்தான் கிறிஸ்து பிறப்புக் காலத்தைத் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அதைக் கொண்டாடுகிறது. நாம் அதைத் தொடங்கும் நாளிலேயே உலகம் மூட்டை கட்டிவிடுகிறது. எந்நேரமும் கிடைக்கும் பாட்டை எந்நேரமும் ஒலிக்க விடுகிறோம். அதனாலேயே ஒருமுறைகூட உண்மையாகச் செவிமடுப்பதில்லை.

இந்தச் சிந்தனையை நம்முள் கிளறிவிட்டது ஒரு பழைய மரப்பெட்டி. பங்கு இல்லத்திற்கு வெள்ளையடிக்கும்போது, மாடிப்படியின் கீழிருந்து அது வெளியே வந்தது. மேலே, முன்னாளில் இங்குப் பணியாற்றிய குருக்கள் விட்டுச் சென்ற இசைத்தட்டுகள். அவற்றுள் பல கிறிஸ்து பிறப்புப் பாடல்கள். கீழே, நம் பங்கின் பாடகர் குழு 1980களில் பாடிப் பதிவு செய்த சில ஒலிநாடாக்கள். பக்கத்தில், சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் ஒன்று. பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று பங்குப் பேரவையினர் சிலர் கருதினர். மறைக்கல்வி கற்பிக்கும் இளைஞர் ஒருவர் பணிவோடுதான் கேட்டார்: “சாமி, இந்தப் பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறதே, இதை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?”

அவருக்கு அன்று நாம் சொன்ன பதில் போதுமானதாக இல்லை. அவரைப் போலவே எண்ணுவோர் இன்று பலர் என்பதால், அந்தப் பதிலை இங்கு விரித்துரைக்கத் துணிகிறோம்.

முதலில், அந்தக் கரிய தட்டு எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மேலைநாட்டாரின் ஆடம்பரப் பொருள் என்றே நம்மவர் பலர் கருதுகின்றனர். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. பலாசு, இலந்தை போன்ற மரங்களின் சிறுகிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பகுதி அந்நாளில் இந்தியாவிலிருந்தே சென்றது. அதில் பெரும்பங்கைச் சேகரித்தவர்கள் சோட்டா நாக்பூர்ப் பகுதியின் பழங்குடி மக்கள். 1885 இல் அங்குச் சென்ற கான்ஸ்டண்ட் லீவன்ஸ் அடிகளாரின் பணியால் பெருந்திரளாகத் திருமறையைத் தழுவிய மண் அது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் தம் கணப்படுப்பின் அருகே அமர்ந்து கேட்ட விழாப்பாட்டு, நம் நாட்டு ஏழை உழைப்பாளி சுரண்டியெடுத்த பிசினின் மேல் எழுதப்பட்டிருந்தது. 1942 இல் போரின் காரணமாக அரக்கு கிடைப்பது அரிதானபோது, அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கு அதைப் பயன்படுத்துவதை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. பெத்லகேமின் நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் மந்தை காத்த ஏழைகள். அந்தச் செய்தியைப் பாடிய தட்டையும் ஏழைகளின் கைகளே தந்தன. இதை அறிந்த பிறகும் அதை வெறும் பழைய சாமான் என்போமா?

இரண்டாவதாக, அந்தத் தட்டு நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைப் பாருங்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பாடும். அதற்காக ஒருவர் எழுந்து சாவி கொடுக்க வேண்டும். தூசு துடைக்க வேண்டும். எஃகு ஊசியைப் பக்கத்திற்கு ஒன்றாக மாற்ற வேண்டும். பிறகு மெல்ல இறக்கி வைக்க வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் பாட்டு நின்றுவிடும். அடுத்தது தானாக வராது. மறுபடி கேட்க விரும்பினால் மறுபடி எழ வேண்டும். இது குறையென்பார் பலர். இதுவே அதன் நிறை என்போம் நாம். ஆயத்தம், காத்திருப்பு, கேட்டல், முடிவு, அதன் பின் ஓர் அமைதி: திருவருகைக் காலம் நான்கு வாரங்களாக நமக்குக் கற்பிக்க முயலும் பாடமும் இதுவேயன்றோ? தேய்ந்துபோகும் பொருளைச் சிக்கனமாகவே பயன்படுத்துவோம். சிக்கனமாகக் கேட்பதை மனத்தில் இருத்துவோம். அந்த இரவில் கேட்டவற்றையெல்லாம் அன்னை மரியா உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா நமக்குச் சொல்வது, வீண் செய்தியாகவா?

இனி மறுப்புரைகளுக்கு வருவோம். நேர்மையான மறுப்புகளை ஒளிக்காமல் எடுத்துக்கொள்வதே முறை.

‘இது வெறும் பழங்கால ஏக்கம், விசுவாசம் அன்று’ என்பர் சிலர். பழையது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். 1942 இல் பிங் கிராஸ்பி பாடிய ‘ஒயிட் கிறிஸ்மஸ்’ பாடலையே எடுத்துக்கொள்வோம். வீட்டைவிட்டுப் போர்முனைக்குச் சென்ற வீரர்களை அது உருக்கியது. அளவுக்கு மீறி அச்சிட்டதால் மூல அச்சே தேய்ந்து, 1947 இல் மீண்டும் பாடிப் பதிவு செய்ய நேர்ந்தது. ஆயினும் அந்தப் பாட்டில் பாலன் இல்லை, மாட்டுத்தொழுவமும் இல்லை, பனியும் வீட்டு நினைவுமே உண்டு. வாழ்நாளில் பனி விழக் காணாத நம் மக்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் விடுவதைத்தான் கிறிஸ்து பிறப்பு என்று சொன்னால், அதை நாம் ஏற்கமாட்டோம். தட்டு எவ்வளவு பழையதாயினும், அது எதைப் பாடுகிறது என்ற கேள்வியிலிருந்து அதற்கு விலக்கில்லை.

‘இது பணம் படைத்தவரின் பொழுதுபோக்கு’ என்பர் வேறு சிலர். இந்தக் குற்றச்சாட்டில் உண்மையுண்டு. கிராமபோனை வரவேற்பறையின் அலங்காரப் பொருளாக்கி, பெருந்தொகை கொடுத்து வாங்கி, ஊசியை ஒருமுறைகூடத் தட்டின் மேல் வைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் வாதாடவில்லை. புதிதாக எதையும் வாங்கச் சொல்லவும் இல்லை. தாத்தாவின் பரணில் இருப்பதை எறியாதீர்கள் என்றே சொல்கிறோம். கைப்பேசியைத் தவிர வேறொன்றும் இல்லாத வீட்டாரும் வருந்த வேண்டியதில்லை: பாலன் பிறந்த இரவில், ஒரே ஒரு பாட்டை, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, முழுவதும் கேட்டு, பிறகு நிறுத்திவிடுங்கள். தட்டு கற்பித்த ஒழுக்கம் தட்டு இல்லாத வீட்டிற்கும் உரியதே.

‘எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது’ என்ற வாதம் எஞ்சுகிறது. நம் இளைஞரின் வாதமும் இதுதான். இதற்கு விடையை அந்தப் பெட்டியின் அடியிலிருந்த ஒலிநாடாக்களே தந்தன.

பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963 இல். அதன் பிறகே, எளிய ஊர்களின் பாடகர் குழுக்களும் பெருநகர ஒலிப்பதிவுக் கூடத்தின் தயவின்றித் தம் குரலைத் தாமே பதிந்து வைக்க வழி பிறந்தது. நம் பெட்டியிலிருந்த ஒரு நாடாவின் மேல், பென்சிலால் ‘பாலன் பிறப்பு – நள்ளிரவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. கேட்டோம். இந்தப் பங்கில் உபதேசியாராக இருந்து மறைந்த பெரியவர் தாமே புனைந்து இசையமைத்த தாலாட்டு அது. எந்தப் புத்தகத்திலும் அது அச்சேறவில்லை. எந்தக் கைப்பேசியிலும் அது இல்லை. இடையில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ இருமுகிறார், ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுகிறது. கேட்க வந்த முதியோர் ஒவ்வொரு குரலையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டினர். அவர்களுள் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர்.

இரண்டு அடிகள் முடிந்து மூன்றாம் அடி தொடங்கியதும் ஒலி மங்கி, அரைபட்டு, இரைச்சலாகிவிட்டது. ஈரத்தால் நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. மூன்றாம் அடி யாருக்கும் நினைவில்லை. எழுதி வைத்தவரும் இல்லை. அது போய்விட்டது, இனி வரப்போவதுமில்லை.

இதற்கு யாரைக் குறை கூறுவது? அந்தப் பெட்டி படிக்கட்டின் கீழ், நீர்க்கசிவுள்ள சுவரை ஒட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி நாள்தோறும் மாடியேறியவர்களுள் நாமும் ஒருவர். திருப்பலிப் பாத்திரத்தில் துளி களங்கம் இருந்தால் பதறும் நாம், இறைமக்களின் வேண்டுதலைத் தாங்கிய நாடா அழுகுவதைக் கவனிக்கவில்லை. குற்றம் முதலில் குருக்களாகிய நம்முடையது, பிறகே மற்றவருடையது.

இவ்வளவு சொன்னபின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கடமை தவறியவர்களாவோம். இசைத்தட்டையும் நாடாவையும் போற்றுகிறோம் என்பதால், அவை நமக்குப் பதிலாகத் திருவழிபாட்டில் பாட வேண்டும் என்று எவரும் கருதிவிட வேண்டாம். இன்று சில ஆலயங்களில் நடப்பது என்ன? பயிற்சிக்கு நேரமில்லை என்று பாடகர் குழுவைக் கலைத்துவிட்டு, மைக் செட்காரரிடம் பதிவுப் பாட்டைக் கொடுத்து, வானவர் கீதத்தையே ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். மக்கள் வாய்மூடி நிற்கின்றனர். 1958 செப்டம்பர் 3 ஆம் நாள் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட அறிவுரை, கிராமபோனும் ஒலிப்பதிவுக் கருவியும் வழிபாட்டில் மக்களின் பாடலுக்கு மாற்றாவதைத் தெளிவாகத் தடுத்தது. வழிபாட்டிற்கு வெளியே மக்களுக்குப் பாடல் கற்பிக்க அவற்றைப் பயன்படுத்தலாம் என இடமும் தந்தது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைமக்களின் செயல்முறைப் பங்கேற்பை வலியுறுத்தியபோது, இந்தத் தடையின் உட்பொருள் இன்னும் துலங்கியது. சிறுவர் திருப்பலிக்கான 1973 ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆயர் பேரவைகள் வகுக்கும் நெறிகளுக்கு உட்பட்டுப் பதிவு செய்த இசைக்குச் சிறிது இடமளித்தது உண்மையே. அந்த விலக்கைக் காட்டிப் பெரியவர்களும் பாடாமலிருக்கலாம் என்பது சோம்பலின் வாதம். வழிபாடு உயிருள்ள மக்களின் செயல். இயந்திரம் செபிப்பதில்லை.

இந்த உண்மைக்கு ஓர் இசைத்தட்டே சான்று பகர்கிறது. 1925 வரை ஒலிவாங்கி இல்லாமலே தட்டுகள் பதிவாயின. பாடகர் ஒரு கூம்பின் வாய் அருகே நெருக்கியடித்து நின்று பாட வேண்டும். பெருங்கூட்டத்தின் குரலை அதில் அடக்க இயலாது. மின்முறைப் பதிவு வந்த தொடக்கத்தில், 1925 மார்ச் 31 அன்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், பல குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 850 ஆடவர் பாடிய நிகழ்ச்சியைக் கொலம்பியா நிறுவனம் பதிவு செய்தது. அதில் ‘அதேஸ்தே ஃபிதேலஸ்’ என்னும் இலத்தீன் பிறப்புப் பாடலும் ஒன்று. அவையில் அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை; பாடகரோடு சேர்ந்து பாடினர். அந்தப் பெருங்குரலே தட்டில் பதிந்து உலகமெங்கும் சென்றது. கேட்க வந்தவர் பாடியவராக மாறியதே அந்தத் தட்டின் பெருமை. அதைக் கேட்டுவிட்டு நாம் வாய்மூடி இருந்தால், கேட்டதன் பயன் என்ன?

ஆகவே நம் வேண்டுகோள் இதுவே. திருவருகைக் காலத்தில் ஒலிபெருக்கிகளுக்கு ஓய்வு கொடுப்போம். பிறப்பு விழா இரவு முதல் திருமுழுக்கு விழா வரை, பழைய தட்டையும் நாடாவையும் பங்கு மன்றத்திலோ வீட்டிலோ கூடியமர்ந்து கேட்போம். அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள எந்த நீர்மத்தாலும் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். நாடாக்களை ஈரத்திலிருந்தும், ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்தும் விலக்கி வையுங்கள். பூஞ்சை கண்ட நாடாவை அப்படியே ஓட்டிப் பார்க்காமல், அறிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்யுங்கள். பின் கணினியில் படியெடுத்து வையுங்கள். ஒவ்வொரு பேழையின் மேலும் ஆண்டையும் பாடியவர் பெயரையும் எழுதுங்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே பாடல் வரிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் இப்போது நம்மோடு வாதிடுவதில்லை. உபதேசியாரின் தாலாட்டில் எஞ்சிய இரண்டு அடிகளையும் மறைக்கல்விச் சிறுவருக்கு அவரே கற்பித்து வருகிறார். இவ்வாண்டு குடிலின் முன் அவர்கள் அதைப் பாடுவார்கள், கேசட் ஓடாது. மூன்றாம் அடியை எவரேனும் நினைவில் வைத்திருந்தால், பங்கு இல்லத்தின் கதவு திறந்தே இருக்கிறது.