ஷாம்பெய்ன் என்ற பெயருக்கு எதற்கு 40 யூரோ?

டிசம்பர் வந்துவிட்டது. பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். குடிக்காதவர்கள் கடந்து போகலாம், யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏமாறாமல் வாங்குங்கள் என்கிறேன்.

உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சம்பாதிக்கும் பையன் புத்தாண்டு விருந்துக்கு ஷாம்பெய்ன் தூக்கிக்கொண்டு போகிறான். 30, 40 யூரோ. அவனுக்கு அது அரை நாள் கூலி. ஏன் வாங்குகிறான்? வேறு எதைக் கொண்டுபோனாலும் யாராவது ஒரு பெரியப்பா லேபிளைத் திருப்பிப் பார்த்து, "என்னப்பா, ஷாம்பெய்ன் இல்லையா?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பவருக்கே ஷாம்பெய்ன் என்றால் என்னவென்று தெரியாது.

அது ஓர் ஊர்ப்பெயர், ஐயா. ரேன்ஸ், எப்பர்னே பக்கத்தில் விளைந்த திராட்சையை அங்கேயே வைத்துச் செய்தால்தான் அந்தப் பெயர். நம் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அதுபோல.

செய்முறை என்ன? நொதித்து முடிந்த வைனில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து மூடுகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு வைனிலேயே கரைந்து நிற்கிறது. செத்த ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடப்பதால்தான் அந்த ரொட்டி வாசனை. இதே வேலையை இதே முறையில் அல்சாஸ், லுவார், பர்கண்டி, லிமூ என்று பல ஊர்களில் செய்கிறார்கள். அதற்குப் பெயர் கிரெமான். திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், வண்டலோடு குறைந்தது 9 மாதம் வைக்க வேண்டும் என்பது விதி. ஷாம்பெய்னுக்கு அது 12 மாதம். பர்கண்டி கிரெமானுக்கும் ஷார்டொனே, பினோ நுவார் திராட்சைகள்தான் முக்கியம். விலையோ பெரும்பாலும் பாதிக்கும் கீழே! ஸ்பெயினின் காவாவும் இதே முறைதான். இத்தாலியின் புரோசெக்கோ வேறு: பெரிய தொட்டியில் நுரைக்க வைப்பது. பழ வாசனை பிடித்தவர்களுக்கு அதுவும் நல்லதே.

நல்ல ஷாம்பெய்ன் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 40 யூரோ முடியாதவன் தள்ளுபடிக் குவியலில் பொறுக்கும் அடிவிலை ஷாம்பெய்னைவிட 10 யூரோ கிரெமான் எவ்வளவோ மேல். பெயருக்காகப் புளிப்பை விழுங்குவானேன்?

பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். அதனால் லேபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ப்ரூட்" என்றால் லிட்டருக்குச் சர்க்கரை 12 கிராமுக்கும் குறைவு. "எக்ஸ்ட்ரா டிரை" என்றால் இன்னும் இனிப்பு குறைவு என்று நினைப்பீர்கள். இல்லை, 12 முதல் 17 கிராம்! யார் வைத்த பெயரோ. "டெமி செக்" 32 முதல் 50 வரை. நம் வீடுகளில் கேக் வெட்டும்போது ப்ரூட்டை ஊற்றிவிட்டு "புளிக்குதே" என்று முகம் சுளிக்கிறார்கள். கேக்கின் இனிப்புக்கு முன்னால் அது புளிக்கத்தான் செய்யும். கேக்குக்கு டெமி செக் எடுங்கள். வடை, மீன் கட்லெட் மாதிரி எண்ணெய்ப் பலகாரத்துக்குத்தான் ப்ரூட்.

"ப்ளாங் த ப்ளாங்" என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வெள்ளைத் திராட்சை மட்டும் என்று பொருள், தரச் சான்று இல்லை. "கஸெய்ஃபியே" என்று இருந்தால் வாயுவை வெளியிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள், சோடா மாதிரி. அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். "மெத்தோட் திரடிஸியோனெல்" என்று இருந்தால் பாட்டிலுக்குள் நுரைத்தது. 1994 முதல் ஷாம்பெய்ன்காரர்கள் தவிர வேறு யாரும் "ஷாம்பெய்ன் முறை" என்று அச்சிட முடியாது என்பதால் இந்தப் பெயர். முறை அதேதான்.

750 மில்லி பாட்டில் 6 பேருக்கு வரும். ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் போதும். திறக்கும்போது கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள், முகத்துக்கு நேரே வேண்டாம். உள்ளே இருப்பது கார் டயரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம்.

கடையில் நின்று குழம்புகிறவர்கள் லேபிளைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். படித்துச் சொல்கிறேன்.