சேலம் உருக்காலை: விற்காமல் விட்டால் மட்டும் போதாது

சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்கும் முயற்சியை மத்திய அரசு 2023 ஜனவரியில் கைவிட்டது. வாங்க முன்வந்தவர்கள் மேற்கொண்டு செல்ல விரும்பவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பல ஆண்டுகள் போராடிய தொழிலாளர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், விலைக்குப் போகாத வீடு என்பதாலேயே அந்த வீட்டின் ஒழுகும் கூரை சரியாகிவிடாது. விற்பனை நின்றுவிட்டது; ஆலையின் எதிர்காலம் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் ஆலையைப் பற்றி மும்பைத் தமிழர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். கோட்டைப் பகுதியிலுள்ள அரசு நாணயச் சாலை போன்ற இடங்களில் முத்திரை பதிப்பதற்கான எஃகு வில்லைகளை வெட்டித் தரும் ஆலை அது. மாட்டுங்கா கடையில் வாங்கும் எவர்சில்வர் குடத்துக்கும் அதே வகைத் தகடுதான் மூலப்பொருள். ஆனால் முக்கியமான காரணம் வேறு. குர்லாவில் கோவை எக்ஸ்பிரஸில் ஏறிச் சேலத்தில் இறங்குகிறவர்களில் விடுமுறைக்குப் போகிறவர்களே அதிகம். வேலைக்குப் போகிறவர்கள் அபூர்வம். சொந்த மாவட்டத்தில் ஆலைகள் தழைத்திருந்தால் தாராவிக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களில் பலவற்றுக்கு ஊரைவிட்டுப் புறப்படும் தேவையே நேர்ந்திராது.

சேலத்து இரும்பின் கதை நெடியது. கஞ்சமலையின் இரும்புத் தாது பண்டைக் காலத்திலேயே அறியப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்துத் தாதுவை நம்பி 1830-ஆம் ஆண்டு வாக்கில் பரங்கிப்பேட்டையில் நவீன முறையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். உலைக்கு விறகுக் கரிதான் எரிபொருள். காடு குறையக் குறையக் கரியின் விலை ஏறியது, ஆலை தள்ளாடியது, பிறகு மூடப்பட்டது. தாது மட்டும் இருந்தால் போதாது, எரிபொருளும் மூலதனமும் சேர்ந்திருந்தால்தான் உலை எரியும் என்ற பாடத்தைச் சேலம் அப்போதே கற்றது.

சுதந்திரத்துக்குப் பின், கஞ்சமலைத் தாதுவும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் கைகோத்தால் தெற்கே ஓர் உருக்காலை எழும் என்ற நம்பிக்கை பிறந்தது. பிலாயும் ரூர்கேலாவும் துர்காப்பூரும் ஐந்தாண்டுத் திட்டங்களில் எழுந்தபோது தமிழகம் காத்திருந்தது. 1967-இல் அண்ணா தலைமையில் பதவியேற்ற அரசு, சேலம் உருக்காலையையும் தூத்துக்குடித் துறைமுகத் திட்டத்தையும் கேட்டு அவ்வாண்டு ஜூலையில் எழுச்சி நாள் நடத்தியது. 1970 ஏப்ரலில் சேலம், விசாகப்பட்டினம், விஜயநகரம் ஆகிய மூன்று இடங்களுக்கும் உருக்காலைகளைப் பிரதமர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சேலத்தில் அடிக்கல் நாட்டினார். சுமார் 4,000 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. நிலத்தைக் கொடுத்த உழவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக்கே இன்று இரும்பாலை என்றுதான் பெயர்.

கேட்டது கிடைத்தது. ஆனால் கேட்ட வடிவத்தில் கிடைக்கவில்லை. கஞ்சமலைத் தாது தரத்தில் குறைந்தது, அதைச் செறிவாக்கி உருக்கச் செலவு அதிகம் என்ற கணக்கில் முழு உருக்காலைத் திட்டம் சுருங்கியது. 1981-இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்துடன் உற்பத்தி தொடங்கியபோது, ஆண்டுக்கு 32,000 டன் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை உருட்டி மெல்லியதாக்கும் ஆலையாகவே அது இருந்தது. மலையின் அடிவாரத்தில் ஆலை. ஆலைக்குள் அந்த மலையின் தாது ஒரு கூடைகூட வரவில்லை.

அதன் பிறகு நடந்த வளர்ச்சியின் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1991-இல் இரண்டாவது உருட்டு யந்திரம் வந்து, உற்பத்தித் திறன் 70,000 டன்னாக உயர்ந்தது. 1993-இல் நாணய வில்லை வெட்டும் பிரிவு உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே அமைந்தது. எஃகுப் பாளத்தைச் சிவக்கக் காய்ச்சி உருட்டும் பிரிவு 1995-இல்தான் வந்தது. அதுவரை காய்ச்சி உருட்டிய சுருளை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அதன் பின்னும் பாளத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. எஃகை உருக்கும் மின் உலையும், ஆண்டுக்கு 1,80,000 டன் பாளம் வார்க்கும் வசதியும் 2010-இல்தான் அமைந்தன. கூரையை முதலில் போட்டு, பிறகு சுவர் எழுப்பி, கடைசியில் அஸ்திவாரம் தோண்டிய கதை இது. அடிக்கல் நாட்டியதிலிருந்து உருக்கும் உலை வரும்வரை நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

2,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுச் செய்த அந்த நவீனமயத்துக்குப் பிறகாவது ஆலை தலைநிமிர்ந்திருக்க வேண்டும். மாறாக, அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் நஷ்டக் கணக்கே வந்தது. இதற்குத் தொழிலாளியைக் குறை சொல்வது எளிது, உண்மை வேறு. துருப்பிடிக்காத எஃகு என்பது இரும்போடு குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் கலந்தது. பாத்திரத்துக்குப் பேர்போன வகையில் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். குரோமியத்தின் தாது ஒரிஸாவிலிருந்து வர வேண்டும். நிக்கல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மின் உலைக்கு மின்சாரச் செலவு ஏராளம். சேலத்துக்கு அருகில் கடலும் இல்லை. போதாததற்கு, நவீனமயத்துக்கு வாங்கிய கடனின் வட்டியும் தேய்மானமும் தோளில் ஏறின. அதே காலத்தில் தனியார் ஆலைகள் பல மடங்கு பெரிய அளவில் உற்பத்தியைத் தொடங்கின. வெளிநாட்டுத் தகடும் மலிவாக வந்து குவிந்தது. எஃகுத் தொழிலில் அளவே பலம். பந்தயத்தில் மற்றவர்கள் பாதி தூரம் ஓடிய பிறகு செருப்பு மாட்டிக்கொண்டு புறப்பட்டவனை, நீ ஓடத் தெரியாதவன் என்று இகழ்வது நியாயமாகாது.

ஆனால் தீர்ப்பு அப்படித்தான் எழுதப்பட்டது. 2016-இல் சேலம், துர்காப்பூர் சிறப்பு எஃகு ஆலை, பத்ராவதி விசுவேசுவரய்யா ஆலை ஆகிய மூன்றையும் விற்க மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. 2019-இல் விருப்பம் தெரிவிக்க அழைப்பு விடுத்தது. மூன்று விற்பனைகளும் நடக்கவில்லை. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பத்ராவதி ஆலையின் விற்பனை 2022-இல் கைவிடப்பட்டது. சில மாதங்களில், 2023 ஜனவரியில், அதை மூடுவதென்றே முடிவெடுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே உற்பத்தி மீண்டும் ஓரளவு தொடங்கியது. விற்காமல் விடுவது காப்பாற்றுவது ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மும்பையில் வாழ்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணமும் தேவையில்லை. 1982 ஜனவரி 18-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் ஈடுபட்டார்கள். அதன்பின் பல மில்கள் எழவேயில்லை. நலிந்த மில்களைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று சொல்லித்தான் 1991-இல் மில் நிலத்தை விற்க வழி திறக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு நகருக்கும், ஒரு பங்கு வீட்டு வசதிக்கும் என்றிருந்த ஏற்பாடு 2001-இல் திருத்தப்பட்டுச் சுருங்கியது. இன்று லோயர் பரேலில் புகைபோக்கிகள் நின்ற இடத்தில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. தறிகள் புதுப்பிக்கப்படவில்லை, நிலம் மட்டும் புதுப்பிக்கப்பட்டது. நவீனமயம் என்ற சொல்லைக் கேட்டவுடன், யந்திரத்துக்கா, நிலத்துக்கா என்று கேட்கும் பழக்கம் மும்பைத் தொழிலாளிக்கு அந்த அனுபவத்தில்தான் வந்தது. சேலத்தின் 4,000 ஏக்கருக்கும் அதே கேள்வியைக் கேட்டே தீர வேண்டும்.

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. சேலத்தோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட விசாகப்பட்டினம், கடலோரத்தில் முழு உருக்காலையாக எழுந்தது. 2021 ஜனவரியில் அதையும் விற்க முடிவாயிற்று. ஆந்திர மக்கள் விடவில்லை. 2025 ஜனவரியில் அதற்கு 11,440 கோடி ரூபாய் மறுவாழ்வு உதவியை மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. விசாகப்பட்டினத்துக்குக் கொடுத்ததைச் சேலத்திலிருந்து யாரும் பொறாமையோடு பார்க்க வேண்டியதில்லை. அதே பரிவு சேலத்துக்கும் உண்டா என்று கேட்பதே முறை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவது, இந்திய எஃகு ஆணையத்தின் பிரிவாகச் சேலம் நீடிக்கும் என்பதோடு, எந்த ஆண்டில் எவ்வளவு முதலீடு வரும் என்ற திட்டத்தையும் மத்திய அரசு வெளியிட வேண்டும். இரண்டாவது, அரசே பெரிய வாடிக்கையாளராக இருக்கும்போது சந்தையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாணயச் சாலைகள் இருக்கின்றன. துருப்பிடிக்காத எஃகில் ரயில் பெட்டிகளைக் கட்டும் பெரம்பூர் தொழிற்சாலை அதே மாநிலத்தில் இருக்கிறது. தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. மூன்றாவது, பழைய எவர்சில்வரை ஒழுங்காகச் சேகரித்து உலைக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். நிக்கல் கலந்த நல்ல வகையில் காந்தம் ஒட்டாது என்பது தாராவியில் பழைய சாமான் தரம் பிரிக்கும் சிறுவனுக்கும் தெரியும். அவன் கையில் குப்பையாக வருவதிலேயே இறக்குமதி நிக்கலின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. நான்காவது, மின் கட்டணத்தில் மாநில அரசு தன் பங்கைச் செய்ய வேண்டும். கோரிக்கை எழுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. ஐந்தாவது, ஆலைக்கென எடுத்த நிலம் ஆலைக்கும் தொழிலுக்குமே பயன்பட வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒப்பந்தக் கூலிகளாகவே முதுமையடையக் கூடாது.

2021 மே மாதத்தில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் தமிழகம் மூச்சுக்குத் திணறியபோது, இந்த ஆலை வளாகத்தில்தான் 500 படுக்கைகளுடன் ஆக்ஸிஜன் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. நஷ்டக் கணக்கில் தள்ளப்பட்ட ஆலை அன்று மனித உயிர்களுக்கு மூச்சுக் கொடுத்தது. லாப நஷ்டப் பேரேட்டில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. அந்த ஆலைக்கு மூச்சுக் கொடுக்க வேண்டிய பொறுப்பு இப்போது மத்திய அரசுடையது. விற்கவில்லை என்று சொல்லிக் கைகட்டி நிற்பதற்கு இது தருணமல்ல. வாழ வைக்கிறோம் என்று சொல்லிச் செயலில் இறங்க வேண்டும்.